உப்புக் காற்றில் ஒரு டன்: மைக்ரோகிரீன் அறைக்கு நான் வாங்கிய ஏசி

ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் உச்சிப்புளிப் பக்கம் மைக்ரோகிரீன் (முளைத்துச் சில நாளிலேயே அறுத்துச் சாப்பிடும் இளங்கீரை) வளர்க்க அறை போடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எத்தனை டன் ஏசி போட்டீங்க?" என்றுதான். ஒரு டன், இன்வெர்ட்டர் (தேவைக்குத் தகுந்தபடி கம்ப்ரசர் வேகம் மாறும் வகை), ஸ்பிலிட். என் அறைக்கு அது போதும், அதுதான் சரி. ஆனால் கடைக்குப் போனால் பெரியதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேலே கான்கிரீட் தளம். மூன்று ரேக், ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு, தட்டுக்கு இரண்டு 20 வாட் எல்இடி டியூப். முள்ளங்கி, கடுகு, வெந்தயம், பட்டாணி, சூரியகாந்தி போடுகிறேன். ராமநாதபுரம் கடைக்காரர் "செடி ரூமா? லைட்டெல்லாம் எரியுமா? அப்ப ரெண்டு டன் போடுங்க மேடம்" என்றார். கணக்குப் பண்ணிப் பாருங்கள். 24 டியூப், மொத்தம் 480 வாட். ஒரு வாட் மணிக்கு 3.41 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும் என்றால், எல்லா விளக்கும் சேர்ந்து 1,640 பிடியூ. ஒரு டன் ஏசியின் திறன் மணிக்கு 12,000 பிடியூ. விளக்கு கேட்பது அதில் ஏழில் ஒரு பங்கு. உண்மையான சூடு மொட்டைமாடியிலிருந்து வருகிறது. அங்கே வெள்ளைப் பூச்சு அடித்து, உள்ளே தெர்மோகோல் சீலிங் போட்டு, மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த பிறகுதான் ஏசி விலையே விசாரித்தேன். இரண்டாவது டன்னுக்குக் கொடுக்கும் பணத்தை மாடிக்குச் செலவழியுங்கள், கரண்ட் பில்லிலும் மிச்சமாகும்.

பெரிய ஏசி வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஈரம். நம் கரையில் செடி அறைக்கு எதிரி சூட்டைவிட ஈரம்தான். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதம் என்று வையுங்கள். இங்கே அது சாதாரண நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். என் அறையில் எனக்கு வேண்டியது 24 டிகிரி, 60 சதம். அதில் 13 கிராம்தான் இருக்கலாம். கதவைத் திறக்கும்போது உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றோடும் மிச்சம் 11 கிராம் வந்து நிற்கிறது. போதாததற்குத் தட்டுகளுக்குத் தெளிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி காற்றில்தான் கலக்கிறது. ஒரு லிட்டர் ஆவியாகிவிட்டால், அதைத் திரும்பத் தண்ணீராக்கி வெளியேற்ற ஏசி சுமார் 680 வாட் மணி அளவுக்குக் குளிர்ச்சியைச் செலவழிக்க வேண்டும்.

இரண்டு டன் ஏசி இந்த அறையைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திக்கொள்ளும். இன்வெர்ட்டர் என்றாலும் அதன் குறைந்தபட்ச வேகமே சின்ன அறைக்கு அதிகம். காயில் (ஏசிக்குள் குளிரும் குழாயும் தகடும்) சில்லென்று நீண்ட நேரம் இருந்தால்தான் ஈரம் அதில் படிந்து குழாய் வழியே வெளியேறும். சீக்கிரம் நின்றால் அறை குளுகுளுவென்று இருக்கும், ஈரம் அப்படியே நிற்கும். அந்த நிலையில் கடுகு, முள்ளங்கித் தட்டுகளில் நாற்றழுகல் (பூஞ்சணத்தால் இளநாற்று அழுகிச் சாய்வது) வர நேரமே ஆகாது. (புதிதாக வளர்ப்பவர்களுக்கு: முளைத்த உடனே வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருப்பது எல்லாமே பூஞ்சணம் இல்லை. தண்ணீர் தெளித்தால் மறைந்துவிட்டால் அது வேர்த்தூவி. மறையாமல் தண்டில் வலை மாதிரி ஏறினால் தட்டையே எடுத்துவிடுங்கள்.)

அதனால் வாங்கும்போது நான் அதிகம் பார்த்தது ஈரத்தை எடுக்கும் ட்ரை மோட் எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான். இன்வெர்ட்டரில் ஒரு குணம் உண்டு. சூடு குறைந்ததும் கம்ப்ரசர் மெதுவாக ஓடும், காயில் அவ்வளவு குளிராது, ஈரம் பிடிப்பது குறையும். ட்ரை மோடில் ஃபேன் வேகத்தைக் குறைத்து காயிலைக் குளிராகவே வைக்கிறது. நான் வாங்கியது இதை நன்றாகச் செய்கிறது. அறையில் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் தொங்குகிறது. வெயில் மாதங்களில் அது பெரும்பாலும் 60ஐ ஒட்டியே நிற்கிறது.

விளக்கை இரவில்தான் எரியவிடுகிறேன், மாலை 6 முதல் காலை 10 வரை. பகலில் மாடிச் சூடு ஏசிக்கு வேலை கொடுக்கிறது, இரவில் விளக்கு கொடுக்கிறது. எந்த நேரமும் கம்ப்ரசர் சும்மா நிற்பதில்லை, ஈரம் வடிந்துகொண்டே இருக்கிறது.

இனி உப்பு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசினாலும் வாடை (வடகிழக்குக் காற்று) வீசினாலும் உப்பு வரும். மண்டபத்தில் ஐஸ் கம்பெனி கம்ப்ரசர்களோடு வாழ்நாளைக் கழித்த மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் எனக்கு மாட்டிக் கொடுத்தார். "தங்கச்சி, செம்புக் காயிலுன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாத. குழாய்தான் செம்பு, தகடு அலுமினியம். ரெண்டுக்கும் நடுவுல உப்புத்தண்ணி பட்டா அலுமினியத்தத்தான் தின்னும். தகட்டுல பூச்சு இருக்கான்னு பாரு" என்றார். அதைக் கேட்டே நீலப் பூச்சு உள்ளதை வாங்கினேன். ஸ்டாண்டு போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெளிப்பெட்டியை இரண்டு காற்றும் நேரே முட்டாத சந்தில் வைத்து, எதிரே நல்ல இடைவெளி விட்டுப் பனையோலைத் தட்டி கட்டியிருக்கிறோம். தட்டியைப் பெட்டியோடு ஒட்டிக் கட்டினால் வெளியே தள்ளும் சூட்டுக்காற்றையே திரும்ப இழுக்கும். மாதம் ஒரு தடவை, கரண்டை முழுவதும் நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரால் தகட்டை மெதுவாகக் கழுவுகிறேன். போர் தண்ணீரால் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதுதான். வாரண்டி சீட்டில் கடலோர அரிப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்பதைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், காயிலைப் பற்றிய வரி சின்ன எழுத்தில் இருக்கும்.

ஸ்டார் ஸ்டிக்கரில் ஒன்றைக் கவனியுங்கள். அதில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கு. நம் அறையில் ஏசி வருடம் முழுக்க, ராத்திரி பகல் ஓடும், அதாவது 8,760 மணி நேரம். வீட்டுக்கு மூன்று ஸ்டார் போதும் என்பவர்கள்கூட இதற்கு ஐந்து ஸ்டார் வாங்கலாம், கூடுதல் விலை சீக்கிரமே திரும்பிவிடும். கரண்ட் போய் வந்தால் தானாகவே பழைய செட்டிங்கில் ஓட ஆரம்பிக்கிறதா என்று கடையிலேயே போட்டு அணைத்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசரும் தனியாக வைத்திருக்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு: பழுது என்றால் எந்தக் கம்பெனியின் ஆள் மண்டபம் வரைக்கும் உடனே வருவார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து அதையே எடுத்தேன். உங்கள் ஊரில் அது வேறாக இருக்கலாம்.

குறை ஒன்று உண்டு. காற்று நேராகத் தூரத்துக்கு அடிக்கிறது. எதிர் ரேக்கின் மேல்தட்டில் வெந்தயம் ஒரு பக்கம் காய்ந்து சாய்ந்தது. காற்றைத் திருப்பும் லூவர் தகட்டை மேலே திருப்பி, மூலையில் சின்ன கிளிப் ஃபேன் வைத்த பிறகு சரியாக இருக்கிறது. வடியும் தண்ணீரில் உப்பு கிடையாது என்பதால் தரை துடைக்க எடுக்கிறோம். காயிலின் அழுக்கையும் கிருமியையும் தொட்டு வருவதால் தட்டுகளுக்கு ஊற்றுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இந்த ஏசியை நம்ப முடியாது. வெளியே குளிர்ந்துவிடுவதால் கம்ப்ரசருக்கு வேலை இல்லை, ஈரம் மட்டும் ஏறும். அப்போது சின்ன டீஹியுமிடிஃபையர் ஒன்றைக் கூடவே ஓடவிடுகிறேன். அது ஈரத்தை எடுத்து அறையைக் கொஞ்சம் சூடாக்குவதால் ஏசியும் ஓட ஆரம்பிக்கிறது. மழைக்காலத்திலும் ராமேஸ்வரத்து ஓட்டல்களுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இதற்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.