எம்எஃப் சென்ட்ரல்: பதினேழு ஃபோலியோக்களை ஓர் அறிக்கையில் பார்த்த அனுபவம்

2007-ஆம் ஆண்டு முதல் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சற்றுப் பெருமை இருந்தது. கடந்த ஆண்டு தொடக்கத்தில், மகளின் கல்லூரிச் செலவைக் கணக்கிட உட்கார்ந்தபோது, எந்தத் திட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மனைவி கேட்டார். ஒரு திட்டத்துக்கும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பீரோவில் இருந்த கோப்பைப் பிரித்தால், பழைய முகவரிக்கு வந்த அறிக்கைகள், மை மங்கிய விண்ணப்ப ஒப்புகைச் சீட்டுகள், வங்கிக் கிளையில் ஓர் அதிகாரி பேனாவால் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் ஆகியவைதாம் இருந்தன. இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர நான் பயன்படுத்திய சேவை எம்எஃப் சென்ட்ரல். ஓர் ஆண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

இது என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் எந்த நிதி நிறுவனத்தில் முதலீடு செய்தாலும், யார் பெயரில் எத்தனை யூனிட் (திட்டத்தில் நமக்குரிய பங்கு) இருக்கிறது என்ற பதிவேட்டை வைத்திருப்பது பதிவாளர் நிறுவனமே. இந்தியாவில் இந்த வேலையை முதன்மையாகச் செய்பவை இரண்டு: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட கேஃபின்டெக். எனது முதலீடுகளில் பாதி ஒருவரிடமும் பாதி மற்றவரிடமும் இருந்ததால், இரண்டு இணையதளங்களில் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பார்க்க வேண்டியிருந்தது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021 ஜூலையில் பிறப்பித்த சுற்றறிக்கையின்படி இந்த இரு பதிவாளர்களும் சேர்ந்து அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பொதுத் தளம்தான் எம்எஃப் சென்ட்ரல். பான் எண்ணையும் பதிவு செய்த கைபேசி எண்ணையும் கொடுத்து, ஓடிபி மூலம் உள்ளே நுழையலாம். கட்டணம் கிடையாது.

இதன் உயிர்நாடி ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. இந்த அறிக்கை புதிதன்று. கேம்ஸ் இணையதளத்திலேயே மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து இதைப் பல ஆண்டுகளாகப் பெற்று வருகிறோம். ஆனால் அந்த வழியில் ஒரு நுணுக்கம் உண்டு: நாம் கொடுக்கும் மின்னஞ்சல் எந்தெந்த ஃபோலியோவில் (நிதி நிறுவனம் நமக்குத் தரும் கணக்கு எண்) பதிவாகியிருக்கிறதோ அவை மட்டுமே அறிக்கையில் வரும். முதல் வேலையில் இருந்தபோது அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடங்கிய நான்கு ஃபோலியோக்கள் எனது பழைய அறிக்கைகளில் எட்டிப் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். எம்எஃப் சென்ட்ரல் பான் எண்ணை அடிப்படையாகக் கொண்டு தேடுவதால் அந்த நான்கும் வந்து சேர்ந்தன. மொத்தம் ஒன்பது நிதி நிறுவனங்கள், பதினான்கு திட்டங்கள், பதினேழு ஃபோலியோக்கள். ஒரே நிறுவனத்தில் மூன்று ஃபோலியோ இருந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் பழைய எண்ணைத் தேடச் சோம்பல்பட்டுப் புதிய விண்ணப்பம் கொடுத்தவன் நான்தான்.

அறிக்கை கேட்கும்போது சுருக்கமானதா, விரிவானதா என்று தேர்வு செய்ய வேண்டும். விரிவான அறிக்கையை, முதல் நாளிலிருந்து இன்றுவரை என்ற கால அளவில் கேட்பதே சிறந்தது. எனக்கு வந்தது நாற்பது பக்கங்களுக்கு மேல் நீண்டது. இரண்டு மாலைப் பொழுதுகள் செலவழித்து, பென்சிலோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் கேஒய்சி நிலை, நாமினி பெயர், பதிவாளர் பெயர் ஆகியவை மேலே இருக்கும்; அதன் கீழே ஒவ்வொரு எஸ்ஐபி (மாதந்தோறும் தானாகப் போடும் முதலீடு) தவணையும், அன்றைய என்ஏவியும் (ஒரு யூனிட்டின் மதிப்பு), கிடைத்த யூனிட்டும் நாள்வாரியாக வரும். 2020 ஜூலைக்குப் பிறகு வாங்கியவற்றில் ஒவ்வொரு தவணையின் கீழும் முத்திரைத் தீர்வையாகச் சில காசுகள் பிடித்த வரி இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நூறு ரூபாய்க்கு அரைக் காசுதான்.

பதற வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. திட்டத்தின் பெயரை ஒட்டி, அது முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டமா, முகவர் வழியாக வந்த ரெகுலர் திட்டமா என்பது முகவரின் பதிவு எண்ணான ஏஆர்என்னோடு குறிக்கப்பட்டிருக்கும். டைரக்ட் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன. நானோ 2014-லும் 2016-லும் தொடங்கிய எஸ்ஐபிகளைக்கூட ஒரு வங்கிக் கிளையின் முகவர் எண்ணின் கீழ்தான் தொடங்கியிருக்கிறேன். அந்தக் கிளையிலிருந்து கடைசியாக யார் என்னிடம் முதலீட்டைப் பற்றிப் பேசினார்கள் என்பது நினைவில்லை. புதிய திட்ட வெளியீடு வரும்போது, 'பத்து ரூபாய்க்கே கிடைக்கிறது சார்' என்று அழைத்ததோடு சரி. என்ஏவி பத்து ரூபாயாக இருப்பதால் ஒரு திட்டம் மலிவாகிவிடாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. மார்ச், செப்டம்பர் முடிவுகளுக்கான அரையாண்டு அறிக்கையில், நமது முதலீட்டிற்காக முகவருக்கு வழங்கப்பட்ட கமிஷன் ரூபாயிலேயே அச்சாகிறது. இந்த நடைமுறை 2016 முதல் இருக்கிறது. அந்தப் பத்தியை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. சதவீதமாகச் சொன்னால் காதில் ஏறாதது, ரூபாயாக எழுதிக் காட்டினால் கண்ணில் குத்துகிறது. பத்து லட்சம் ரூபாய் முதலீட்டில் ரெகுலர் திட்டத்துக்கு இந்தக் கமிஷனால் ஒரு சதவீதம் கூடுதல் செலவு என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். சேவை செய்யும் முகவருக்கு அது நியாயமான ஊதியம். எனக்குக் கிடைத்ததைச் சேவை என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்த ஆத்திரத்தில் அன்றிரவே எல்லாவற்றையும் டைரக்டுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். அங்கே நிதானம் தேவை. ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது வருமான வரியின் கண்ணில் விற்று வாங்குவதாகும்; ஓராண்டுக்குள் வாங்கிய யூனிட்டுகளுக்கு வெளியேறும் கட்டணமும் பெரும்பாலான பங்குத் திட்டங்களில் உண்டு. எனவே முதல் வேலையாக ஓடிக்கொண்டிருந்த எஸ்ஐபிகளை மட்டும் நிறுத்தி, டைரக்டில் புதிதாகத் தொடங்கினேன். சேர்ந்திருந்த தொகையை இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்தேன். 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குத் திட்டங்களின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஆனால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான லாபத்துக்கு வரி கிடையாது. 2025 மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு பகுதியையும், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் இன்னொரு பகுதியையும் விற்றதில், மூன்று வார இடைவெளியில் இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைத்தது. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய யூனிட்டுகளுக்கு அந்த ஜனவரி 31-ஆம் நாளின் என்ஏவியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கையால் போட்டால் தலை சுற்றும் இந்தக் கணக்கைப் பதிவாளர்கள் தரும் மூலதன ஆதாய அறிக்கை தானே போட்டுத் தருகிறது. எனது ஆடிட்டர் அந்த அறிக்கையைத் தவிர வேறு காகிதம் எதையும் கேட்கவில்லை.

அறிக்கையில் கிடைத்த இன்னொரு செய்தி நாமினி பற்றியது. ஆறு ஃபோலியோக்களில் நாமினியே இல்லை. இரண்டில் காலமாகிவிட்ட என் அம்மாவின் பெயர் இருந்தது. இதை மாற்ற ஒவ்வொரு நிதி நிறுவனத்துக்கும் தனித்தனிப் படிவம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிய காலம் நினைவிருக்கிறது. இப்போது இந்த மாற்றத்தைத் தளத்திலேயே கோரிக்கையாகப் பதிந்து ஓடிபி மூலம் உறுதி செய்துவிட முடிகிறது. மனைவியும் நானும் கூட்டாக வைத்திருக்கும் ஃபோலியோவில் இருவருடைய ஒப்புதலும் தேவை என்பதால், அவருடைய கைபேசி எண்ணையும் பதிவில் சரிபார்த்து வைத்துக்கொள்வது நல்லது. டீமேட் வடிவில் (பங்குகளைப் போல மின்னணுக் கணக்கில்) இருக்கும் யூனிட்டுகளுக்கு இந்தக் கோரிக்கைகள் பொருந்தா. அவற்றுக்கு டீமேட் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தையே அணுக வேண்டும்.

ஃபோலியோக்களை ஒன்றாக்குவதைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பதுண்டு. ஒரே நிதி நிறுவனத்துக்குள், ஒரே உரிமையாளர், ஒரே கூட்டு முறை என்ற பொருத்தம் இருந்தால்தான் இணைக்க முடியும். ஒன்பது நிறுவனங்களின் ஃபோலியோக்களும் ஒரே எண்ணாகிவிடாது. இணைத்தும், சிலவற்றிலிருந்து வெளியேறியும், பதினேழு இப்போது ஆறாகியிருக்கிறது.

இந்தத் தளம் செய்யாத வேலைகளையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கேதான் முதலீட்டாளரின் சொந்த உழைப்பு தொடங்குகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று இது சொல்லாது. எனது பதினான்கு திட்டங்களில் மூன்று லார்ஜ் கேப் வகையைச் சேர்ந்தவை. அந்த வகைத் திட்டம், சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களிலேயே குறைந்தது 80 சதவீதத்தைப் போட வேண்டும் என்பது செபியின் 2017-ஆம் ஆண்டு வகைப்படுத்தல் விதி. பிறகு மூன்றும் எப்படி வேறுபடும்? நிதி நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் பங்குப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மேல் வரிசையில் அதே வங்கிகளும் அதே பெருநிறுவனங்களும் இடம் மாறி மாறி நின்றன. மூன்று பாத்திரத்தில் ஒரே குழம்பை வைத்துக்கொண்டு விருந்து என்று நினைத்திருக்கிறேன். அவற்றின் இடத்தில் இப்போது, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கும் ஒரே ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது.

அதேபோல் இந்தப் பணம் எதற்காக என்ற கேள்வியும் அறிக்கையில் கிடையாது. அதற்காக ஒரு விரிதாள் வைத்திருக்கிறேன்: மகளின் படிப்பு, எங்கள் ஓய்வுக்காலம், ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு என்று மூன்றே தலைப்புகள். ஒவ்வொரு ஃபோலியோவும் ஒரு தலைப்பின் கீழ்தான் வரும். எந்தத் தலைப்பிலும் அடங்காத திட்டம் அடுத்த ஏப்ரலில் வெளியேறும். அறிக்கையில் முதலீட்டுத் தொகையும் சந்தை மதிப்பும் இருக்கும், ஆனால் ஆண்டு வருமான விகிதம் இருக்காது. தேதிகளையும் தொகைகளையும் விரிதாளில் இட்டு எக்ஸ்ஐஆர்ஆர் சூத்திரத்தைப் போட்டுக்கொள்கிறேன். இருமடங்காகிவிட்டது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த ஒரு திட்டம் அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ஏழு சதவீதத்தைத் தொடவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே தொகையாகக் கிடந்த பணம் இருமடங்கானதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதே வேலையை வண்ணப் படங்களோடு செய்து தரும் தனியார் செயலிகள் ஏராளம். அவற்றில் பலவும் இந்த ஒருங்கிணைந்த அறிக்கையைப் பதிவேற்றச் சொல்லியே தொடங்குகின்றன. அந்தக் கோப்பில் பான் எண், முகவரி, ஒவ்வொரு ரூபாயின் வரலாறு எல்லாம் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதிவேற்றலாமா என்று முடிவு செய்யுங்கள். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. செயலி நாள்தோறும் ஏற்ற இறக்கத்தைச் சிவப்பிலும் பச்சையிலும் காட்டி, புதிதாக எதையாவது வாங்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எம்எஃப் சென்ட்ரலிலும் வாங்கலாம், விற்கலாம். ஆனால் நான் அங்கே போவது பதிவேட்டைப் பார்க்க. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குவது போன்ற சுவாரசியமற்ற வேலை அது. ஆண்டுக்கு இருமுறை போதும்.

குறை என்று சொன்னால், அறிக்கையின் மொழி முதலில் வரும். சென்னையில் வேரூன்றிய நிறுவனம் பங்காளியாக இருக்கும் சேவையில், எனது அறிக்கை ஆங்கிலத்தில்தான் வருகிறது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு டிவிடெண்ட் என்ற சொல்லுக்குப் பதிலாக வந்த ஐடிசிடபிள்யூ போன்ற சுருக்கங்களை என் மனைவிக்கு விளக்கவே தனியாக ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். பிபிஎஃப், என்பிஎஸ், வங்கி வைப்பு ஆகியவை இதில் வராததால், குடும்பத்தின் முழுச் சொத்துக் கணக்கை இதை மட்டும் வைத்து எழுத முடியாது. மூன்று, நான்கு திட்டங்களை ஒரே நிறுவனத்தில் வைத்திருப்பவருக்கு அந்த நிறுவனத்தின் இணையதளமே போதும். என்னைப் போலப் பல ஆண்டுகள், பல கிளைகள், பல மின்னஞ்சல்கள் வழியாகச் சிதறவிட்டவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. பான் எண் கட்டாயமாவதற்கு முன்பு என் அப்பா எடுத்திருந்த ஒரு ஃபோலியோவின் ஒப்புகைச் சீட்டு அந்தப் பழைய கோப்பில் கிடந்தது; பான் எண்ணே பதிவில் இல்லாததால் எந்த அறிக்கையிலும் அது வராது. பத்தாண்டுகளாக முதலீட்டாளர் தரப்பிலிருந்து எந்தப் பரிவர்த்தனையும் இல்லாமல் கிடக்கும் ஃபோலியோக்களைத் தேடுவதற்காக, செபியின் 2025 பிப்ரவரிச் சுற்றறிக்கையின்படி 'மித்ரா' என்ற தேடல் வசதியை இதே இரு பதிவாளர்களும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். எம்எஃப் சென்ட்ரல் வழியாகவும் அங்கே செல்லலாம். அப்பாவின் பெயரையும் பழைய முகவரியின் அஞ்சல் குறியீட்டையும் கொடுத்துத் தேடிப் பார்த்ததில் ஒரு பொருத்தம் கிடைத்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தங்கையின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துச் சென்ற வாரம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.