மோட்டார் ஹோம் நன்றாக இருக்கிறது, வாரண்டிதான் நாலு பேர் கையில்

மெத்தை, டாய்லெட், பிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் வண்டிக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன். வாங்கிய பிறகு கிடைத்த சேவைக்கு இரண்டரை. அதிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு எலக்ட்ரீஷியனுக்காக.

நாங்கள் இருப்பது பெங்களூரு அல்சூரில். குலதெய்வம் திருவண்ணாமலைப் பக்கம். மாமியாருக்கு முட்டி மடங்காது. கிருஷ்ணகிரி தாண்டிவிட்டால், வெஸ்டர்ன் டாய்லெட் தேடி பங்க் பங்காக இறங்கிப் பார்ப்பதே பயணமாகிவிடும். அதனால்தான் இந்தச் செலவு. ஊர் சுற்றும் ஆசை வீட்டுக்காரருக்கு, அதையும் சேர்த்துக்கொண்டார்.

ஃபோர்ஸ் டிராவலர் வேனை வைத்துக் கட்டியது. பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துப் பாதி விலைக்குத் தருகிறோம் என்று வந்தவர்களும் உண்டு. பேங்க்கில் கடன் பிரிவில் இருந்தவள் நான், காகிதம் சரியில்லாத வண்டியைத் தொடமாட்டேன். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மோட்டார் கேரவனுக்கென்று, அதாவது இப்படி வீடு மாதிரிக் கட்டிய வண்டிக்கென்று, ஏஐஎஸ்-124 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி வாங்கிய சான்றிதழைக் காட்டிய பிறகுதான் முன்பணம் கொடுத்தோம்.

உள்ளே எல்லாம் திருப்தி. கழற்றி எடுக்கும் பெட்டியில் கழிவு சேரும் கேசட் டாய்லெட்டைப் பார்த்து மாமியார் முதலில் முகம் சுளித்தார். இப்போது அதை விட்டால் வேறெதிலும் போகமாட்டேன் என்கிறார். கழுவி ஊற்றும் வேலை மகன் தலையில். ஏ.சி.யும் சோலார் பேனலும் கூரை மேல் இருப்பதால் எந்த மால் பேஸ்மென்ட்டிலும் நுழையாது, அவ்வளவுதான்.

இனி வாரண்டி. ஒரே வண்டி என்று நாம் நினைக்கிறோம், கணக்கில் அது நாலு வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் வேன் கம்பெனி பொறுப்பு. பாடி, மரவேலை, தண்ணீர்க் குழாய் எல்லாம் கட்டிக் கொடுத்தவர் பொறுப்பு. பிரிட்ஜுக்கு ஒரு கம்பெனி, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இன்னொரு கம்பெனி. பிரிட்ஜ் பில்லில் தேதியைப் பார்த்தேன். கட்டுபவர் அதை வாங்கியது எங்கள் டெலிவரிக்கு வெகு முன்னால். வாரண்டி அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது. "குறைகிற மாதங்களுக்கு நாங்கள் பொறுப்பு" என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிய பிறகுதான் மீதிப் பணம். இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால் தருவார்கள்.

வேன் கம்பெனி சர்வீஸில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்த அட்வைசர் குனிந்து முதலில் பார்த்தது, வீட்டுப் பேட்டரி, அதாவது உள்ளே பிரிட்ஜும் லைட்டும் ஓட வைத்த தனி பேட்டரி, சார்ஜ் ஆக எங்கிருந்து வயர் எடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான். கம்பெனி வயரிங்கை வெட்டி இணைத்திருந்தால் எலக்ட்ரிக்கல் வாரண்டி போயிருக்குமாம். எங்களுக்கு வேன் பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் போட்டு நேராக எடுத்திருந்தார்கள், தப்பித்தோம்.

சிக்கல் பிரிட்ஜில். பகலில் ஓடும், ராத்திரி தானாக நின்றுவிடும், காலையில் பால் திரிந்திருக்கும். கட்டிக் கொடுத்தவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஓசூர் ரோட்டுப் பக்கம் ஷெட். "பிரிட்ஜ் எங்க தயாரிப்பு இல்ல மேடம், கம்பெனியைக் கூப்பிடுங்க" என்றார்கள். கம்பெனி ஆள் வந்து, அதைக் கழற்றி வேறு பேட்டரியில் ஓட்டிக் காட்டி, "மிஷின்ல கோளாறு இல்ல, வயரிங்கைப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடி ஷெட். பேட்டரி வீக் என்றார்கள். பேட்டரிக்காரர் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போன மாதிரி அலைந்தோம்.

கடைசியில் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஓசூர்க்காரத் தம்பி ஒருவன், "அம்மா, கொஞ்சம் டைம் கொடுங்க" என்று மல்டிமீட்டரோடு உட்கார்ந்தான். பேட்டரி முனையில் 13.2 வோல்ட். பிரிட்ஜின் பின்னால், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பத்துக்குக் கீழே. அந்த அளவுக்கு இறங்கினால் பிரிட்ஜ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பிரிட்ஜுக்கும் தண்ணீர் பம்ப்புக்கும் லைட்டுக்கும் ஒரே ஒல்லி வயர்; போதாததற்கு நடுவில் சரியாக அழுத்தாத ஒரு ஜாயின்ட், கை வைத்தால் சுட்டது. ராத்திரி லைட்டும் பம்ப்பும் ஓடும்போது நின்றதற்குக் காரணம் அதுதான். பிரிட்ஜுக்கென்று தனியாகத் தடித்த வயர் இழுத்தான். அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

வேலை நடந்ததே நான் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்த பிறகுதான். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதுவும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே. இந்த இரண்டையும் ஒரே மெயிலில் எழுதினேன். மறுநாளே ஷெட்டிலிருந்து அழைப்பு.

அக்டோபர் மழையில் சோலார் பேனல் கால் வழியாகக் கூரை ஒழுகியது தனிக் கதை. ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிச் சாதாரண சிலிக்கான் பூசியிருந்தார்கள். அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் மேலே வேறு சீலன்ட் போட்டால் ஒட்டாது. முதல் தடவை சுரண்டாமலே பூசி அனுப்பினார்கள், மெத்தை நனைந்தது. இரண்டாம் தடவை நான் ஏணி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுரண்டி முடித்துப் பாலியூரிதேன் சீலன்ட் போட்டு, ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

வாங்க நினைப்பவர்கள் டெலிவரி அன்றே வயரிங் படத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அந்தத் தம்பிதான் கையால் வரைந்து கொடுத்தான், கப்போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். மின்சாரப் படிக்கட்டின் மோட்டார் மட்டும் இன்னும் வரவில்லை. வாரண்டியில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் என்கிறார்கள். அதுவரை மாமியார் ஏற ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்துக்கொண்டிருக்கிறோம்.