கோத்தகிரி வீட்டில் அசெம்பிள் செய்த முதல் கணினி: ஏஎம்5, எல்ஜிஏ1700, ஏஎம்4 மூன்றில் எது?

மகளின் பொறியியல் படிப்புக்கும் என் புகைப்படத் திருத்த வேலைக்கும் சேர்த்து ஒரு கணினியை உதிரிபாகங்களாக வாங்கி, கோத்தகிரியில் எங்கள் வீட்டு மேசையிலேயே அசெம்பிள் செய்தோம். அதற்கு முன் மூன்று வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தோம். (சாக்கெட் என்பது மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைப் பலகையில், கணினியின் மூளையான பிராசஸர் உட்காரும் இடம்.) ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600, இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் கோர் ஐ5-12400, ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 7600 ஆகியவையே அவை. மூன்றாவதை வாங்கினோம். முதன்முறையாகக் கணினி அசெம்பிள் செய்பவர் யார் கேட்டாலும் அதையே சொல்லி வருகிறேன்.

மூன்று பிராசஸர்களுக்கும் ஆறு கோர் (கணக்கிடும் அலகு), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய வேலை இழை). வேகத்தில் 7600 தெளிவாக முந்துகிறது என்றாலும் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் மற்ற இரண்டும் தாராளமாகப் போதும். எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), கேபினெட், எஸ்எஸ்டி (சேமிப்பகம்) ஆகியவை மூன்றுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. மலைக் குளிரும் மூன்றுக்கும் ஒன்றுதான். பிராசஸரோடு வரும் கூலரே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பொருத்தம் பார்ப்பதில் முதலில் தடுமாறும் இடம் ராம், அதாவது தற்காலிக நினைவகம். டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை அதன் தலைமுறைகள். ஏஎம்4 டிடிஆர்4 ராமை மட்டுமே ஏற்கும். ஏஎம்5 டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ1700-இல் பிராசஸர் இரண்டையும் ஏற்கும், ஆனால் மதர்போர்டு பெரும்பாலும் அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே செய்யப்பட்டிருக்கும். ஒரே பெயரில் வரும் இரண்டு பி760 மதர்போர்டுகளுக்கு (பி760, பி650 போன்றவை மதர்போர்டு வகைகளின் பெயர்கள்) இடையிலான வேறுபாடு, பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் மட்டுமாக இருப்பதுண்டு. குன்னூரில் இருக்கும் அக்கா மகனுக்கு ஐ5-12400 கணினி அசெம்பிள் செய்தபோது அந்தக் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் டிடிஆர்4 போர்டுக்கு டிடிஆர்5 ராம் வாங்கிவிட்டோம். இரண்டிலும் 288 தொடுமுனைகள் இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் அது ஸ்லாட்டில் இறங்கவே இல்லை. சமவெளியில் இருப்பவர் மாலையில் கடைக்குப் போய் மாற்றி வந்துவிடுவார். நாங்கள் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை காந்திபுரம் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் முழுவதும் போய்விட்டது.

அந்த ஒரு நாள்தான், மதர்போர்டை எத்தனை ஆண்டுகளுக்கு மாற்றாமல் இருக்கலாம் என்ற கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கச் செய்தது. பிராசஸர் கையளவுப் பெட்டியில் கூரியரில் வந்துவிடும்; கூலரைக் கழற்றி, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்து, புதியதைத் தடவிப் பொருத்தினால் அரை மணி நேர வேலை. மதர்போர்டு அப்படியல்ல. அதை மாற்றும்போது எல்லா இணைப்புகளையும் பிரிக்க வேண்டும். சாக்கெட்டும் மாறினால் பிராசஸரும், பல சமயங்களில் ராமும் சேர்ந்து மாறும். விண்டோஸ் உரிமம் போர்டோடு பிணைந்திருப்பதால் அதையும் மறுபடி உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். ஆக, மதர்போர்டை மாற்றுவது பாதிக் கணினியைப் புதிதாக வாங்குவதற்குச் சமம்.

இந்த ஓர் அளவுகோலில் இன்டெலின் வழக்கம் நமக்குச் சாதகமாக இல்லை. எல்ஜிஏ1700 2021-இல் வந்தது. 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 2024-இல் எல்ஜிஏ1851 அதன் இடத்தைப் பிடித்தது. இன்று 12400 வாங்குபவர் நாளை 14-ஆம் தலைமுறை வரை மட்டுமே ஏறலாம். அந்த 13, 14-ஆம் தலைமுறைகளின் உயர்நிலை பிராசஸர்களிலோ மின்னழுத்தக் கோளாறு இருப்பதை இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் (கணினியைத் துவக்கும், மதர்போர்டில் பதிந்த மென்பொருள்) வழியாகத் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் நீட்டித்தது. 12400-க்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அக்கா மகனின் கணினி இதுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

ஏஎம்4-இன் வரலாறு இதற்கு நேர் எதிரானது. 2017-இல் ரைசன் 5 1600-க்காக வாங்கிய பி350 மதர்போர்டில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரைப் பொருத்த முடிந்தது. ராம் மாறவில்லை, கூலரும் கேபினெட்டும் மாறவில்லை. ஆனால் இன்று புதிதாக வாங்குபவருக்கு அந்தச் சாக்கெட் தன் பயணத்தின் கடைசி நிறுத்தத்தில் நிற்கிறது. 2022-இல் தொடங்கிய ஏஎம்5-ஐ 2027-உம் அதற்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. 7000 வரிசைக்குப் பின் வந்த 9000 வரிசை அதே சாக்கெட்டில், அதே பி650 போர்டில், பயாஸ் புதுப்பித்தாலே பொருந்துகிறது.

மலைவாசிகளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 7600-க்குள், தனி கார்டு இல்லாமலே திரையில் படம் காட்டும் எளிய கிராபிக்ஸ் இருக்கிறது. 5600-இல் அது இல்லை. கிராபிக்ஸ் கார்டு பழுதாகிக் கோவைக்குப் போனால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்த நாட்களிலும் மகளின் படிப்பு நிற்காது. 12400-இலும் இந்த வசதி உண்டு. 12400எஃப் என்ற பெயரில் வருவதில் கிடையாது என்பதால் அந்த எழுத்தையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஏஎம்5-இன் குறைகளை மறைக்கவில்லை. போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்ந்து செலவைக் கூட்டுகின்றன. முதல் முறை மின்சாரம் கொடுத்ததும் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். இது தெரியாமல் நாங்கள் இரண்டு முறை அணைத்து, எதையோ எரித்துவிட்டோம் என்று அஞ்சி உட்கார்ந்திருந்தோம். நான்கு ராம் பொருத்தினால் வேகம் குறைந்துவிடுவதால், தேவையான அளவை முதலிலேயே இரண்டு ராம் கொண்ட ஜோடியாக வாங்கிவிட வேண்டும். நுண்ணிய முட்கள் பிராசஸரில் இல்லாமல் சாக்கெட்டில் இருப்பதால், கை தவறி வளைத்துவிட்டால் போர்டே போய்விடும். எல்ஜிஏ1700-க்கும் இதே ஆபத்து உண்டு.

வடகிழக்குப் பருவமழையின்போது இங்கே மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. எந்தச் சாக்கெட்டை எடுத்தாலும் பயாஸ் புதுப்பிக்கும் நேரத்தில் யுபிஎஸ் கட்டாயம். பிராசஸர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாகத் தேர்ந்தெடுத்தால், பாதியில் மின்சாரம் போய் பயாஸ் கெட்டாலும் வீட்டிலிருந்தே மீட்க வாய்ப்பிருக்கிறது.

எங்கள் பி650 போர்டில் நான் இன்னும் பிராசஸரை மாற்றிப் பார்க்கவில்லை. எனவே ஏஎம்5 பற்றி நான் சொல்லும் மிகப் பெரிய நன்மை, என் கையால் சோதித்ததல்ல. ஏஎம்4 நடந்துகொண்ட விதத்தையும் நிறுவனத்தின் அறிவிப்பையும் நம்பிச் சொல்வது. இன்டெல் பற்றி எனக்குள்ள அனுபவமும் குன்னூரில் இருக்கும் அந்த ஒரு கணினியோடு முடிகிறது.

பழைய கணினியிலிருந்து எடுத்த நல்ல டிடிஆர்4 ராம் கையில் இருந்து, செலவையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் ஏஎம்4-ஐயே எடுக்கலாம். அப்போது பி450 போர்டைத் தவிர்த்து பி550 வாங்குவது நல்லது. பழைய பி450 இருப்பில் 5600-ஐ அடையாளம் காணாத பயாஸ் இருக்கக்கூடும். அதைப் புதுப்பிக்க இன்னொரு பழைய பிராசஸரைத் தேடி மறுபடியும் மலை இறங்க வேண்டியிருக்கும்.