அயர்லாந்து முன்னோர் தேடல்: வீட்டுக் கதையா, பங்குப் பதிவேடா?

அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வேரைத் தேடும்போது, பெரும்பாலும் இரண்டு பிடிகள்தான் கிடைக்கும். ஒன்று வீட்டுப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. மற்றது பங்குக் கோயிலில், அதாவது அந்த வட்டாரத்துத் தேவாலயத்தில், எழுதிய ஞானஸ்நான, திருமணப் பதிவேடு.

அரசு ஆவணம் என்ன ஆயிற்று? 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் கிட்டத்தட்ட முழுவதும் அதில் போயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. முழுதாக மிஞ்சியவற்றில் பழையது 1901-ஆம் ஆண்டினுடையது. எல்லா மதத்தினரின் பிறப்பு இறப்பும் பதிவானது 1864 முதல்தான். 1845-ல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் அதில் எப்படி இருப்பார்கள்?

கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. புராட்டஸ்டன்ட் பிரிவான அயர்லாந்து திருச்சபையின் ஏடுகளில் பாதிக்கு மேல் அந்தத் தீயில் போய்விட்டன. அந்தக் குடும்பங்களுக்கு வீட்டுக் கதையின் மதிப்பு இன்னும் கூடுதல்.

கத்தோலிக்க ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஈரம் ஊறிய கறை, மங்கிய மை, சாமியாரின் அவசரக் கிறுக்கல். ஆனால் ஒவ்வொரு வரியும் பொக்கிஷம்: தேதி, பிள்ளையின் பெயர், அப்பா, பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரோடு அம்மா, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானப் பெற்றோர். பல ஏடுகள் லத்தீனில் இருக்கும். அங்கே ஜேம்ஸ் யாகோபுஸ் ஆகிவிடுவார். புனித ஜேம்ஸை யாகப்பர் என்று அழைக்கும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது சட்டென்று பிடிபடும். வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆவதுதான் முதல் தடவை திணறடிக்கும்.

சரி, அப்படியானால் பதிவேடே போதுமா? போதாது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைப்பது அங்கே பரவலான வழக்கம். அதனால் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் பலருக்கும் ஒரே பெயர். கார்க் மாவட்டத்தில் ஜான் மர்ஃபி என்று மட்டும் தேடினால் தலை சுற்றும். எந்தப் பங்கு, எந்த டவுன்லேண்ட் என்று தெரிய வேண்டும். டவுன்லேண்ட் என்பது நிலப்பிரிவிலேயே மிகச் சிறியது. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல். அந்தப் பெயரைப் பாட்டி அரைகுறையாக உச்சரித்திருந்தாலும் அது பெரிய உதவி. கத்தோலிக்க ஏடுகளில் அடக்கப் பதிவுகளும் அரிது. யார் எந்தக் கல்லறையில் என்பதற்கும் குடும்பத்து நினைவைத்தான் கேட்க வேண்டும்.

கதை சறுக்கும் இடமும் உண்டு. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் முதலில் இறங்கியவர் கார்க்கைச் சேர்ந்த ஆனி மூர். அன்று அவருக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் என்றார்கள். பின்னாளில் டெக்சாஸுக்குப் போய் வாழ்ந்த ஓர் ஆனி மூர்தான் அவர் என்று அந்தக் குடும்பம் நம்பியது, உலகமும் நம்பியது. 2006-ல் வம்சாவளி ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டினார்கள். டெக்சாஸ்காரர் பிறந்ததே அமெரிக்காவின் இல்லினாயில். கார்க் ஆனி மூர் நியூயார்க்கிலேயே திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1924-ல் இறந்திருந்தார். வந்திறங்கியபோது வயது பதினேழு. அவர் கல்லறைக்கு 2008 வரை பெயர்ப்பலகைகூட இல்லை. அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை. பெயர் ஒற்றுமையில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே மறைந்துபோனது. எனக்கு இதில் அதுதான் மனதை அறுக்கிறது.

நினைவே ஆவணமான கதையும் அங்கே உண்டு. 1909-ல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களிடம், 1839 ஜனவரி 6 இரவு அடித்த ‘பெரும் காற்று’ நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். கூரை பறந்ததைச் சொன்னால் அதையும் வயதுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். கையோடு வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் நிறைய. 1901 கணக்கெடுப்பையும் 1911 கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்து ஆண்டில் பதினைந்து வயது ஏறியவர்களைக் காணலாம்.

என் தீர்ப்பு இதுதான்: இடத்துக்கும் உறவுக்கும் கதையை நம்புங்கள், தேதிக்கும் வயதுக்கும் ஏட்டை நம்புங்கள். முதலில் வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். எந்த ஊர், எந்தக் கோயில் என்பதோடு, கதைகளில் வந்துபோகும் அத்தை மாமாக்களின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஏட்டைத் திறந்து ஞானப் பெற்றோர் பெயர்களைப் பாருங்கள். அத்தை மாமாக்களை ஞானப் பெற்றோராக நிறுத்துவது சகஜம். உங்கள் பட்டியலிலுள்ள இரண்டு பெயர்கள் ஒரே அம்மா அப்பாவின் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால், அநேகமாக அது உங்கள் ஜான் மர்ஃபிதான்.