டேஞ்சர், ஜெப்பர்டி: எதை எங்கே எழுதுவது?

ஆபத்தைக் குறிக்கும் டேஞ்சர் (danger), ஜெப்பர்டி (jeopardy) இரண்டுமே பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. டேஞ்சருக்கு முதலில் ஆண்டையின் அதிகாரம் என்றே பொருள். அவர் பிடியில் இருப்பவருக்குத் தீங்கு நேரலாம் என்பதால் ஆபத்து என்றானது. ஜெப்பர்டியின் மூலம் ‘ழூ பார்ட்டி’, அதாவது வெற்றி தோல்வி சமமாகத் தொங்கும் ஆட்டம்.

அந்தச் சூதாட்ட வாடை இன்றும் போகவில்லை. வேலை, ஒப்பந்தம், உயிர் என இழக்க ஏதாவது இருந்தால்தான் ‘இன் ஜெப்பர்டி’ பொருந்தும். மின்கம்பியை ‘எ டேஞ்சர்’ எனலாம், ‘எ ஜெப்பர்டி’ என்றால் பிழை. எச்சரிக்கைப் பலகைக்கும் டேஞ்சர்தான்.

சட்டத்தில் மட்டும் ஜெப்பர்டிக்கு மாற்றே இல்லை: ஒரே குற்றத்துக்கு இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டிப்பது ‘டபுள் ஜெப்பர்டி’. இந்திய அரசமைப்பின் 20(2) பிரிவு தடுப்பது இதையே. ஜெப்பர்டியின் ஆங்கில எழுத்தில் வரும் ‘ஓ’வை (o) உச்சரிக்க வேண்டாம்.