48 கிளாஸ்: நியூ சவுத் வேல்ஸ் கிளைப் பாதைகளின் டீசல் எஞ்சின்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில ரயில்வேக்கு, அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பில் ஏ.இ. குட்வின் நிறுவனம் 1959 முதல் 1970 வரை கட்டிக் கொடுத்த 48 கிளாஸ் ரயில் எஞ்சின்கள் மொத்தம் 165. எடை குறைவுதான் இதன் பலமே. சுமார் 75 டன். ஆறு அச்சுக்குப் பிரித்தால் அச்சுக்கு 12.5 டன். கோதுமை ஏற்றப் போகும் பழைய பாதைகளில் கெஜத்துக்கு 60 பவுண்டு எடையுள்ள லேசான தண்டவாளம், அடியில் ஜல்லிக்குப் பதில் மண்ணும் சாம்பலும். 129 டன் எடையுள்ள 81 கிளாஸ் டீசல் எஞ்சினை அங்கே விட முடியாது.

இழுவையில்தான் அடிவாங்குகிறது. 950 குதிரைத்திறன் முழுத் தானிய ரயிலுக்குப் போதாது. இரண்டு மூன்றைக் கோத்து ஒரே கேபினிலிருந்து ஓட்ட வேண்டும்.

உள்ளே இருக்கும் ஆல்கோவின் ஆறு சிலிண்டர் 251 டீசல் மோட்டார் முரடு, ஆனால் உழைக்கும். (நம்மூர் மீட்டர் கேஜ் டீசல் ரயில் எஞ்சின் ஒய்டிஎம்-4-இல் இருந்ததும் இதே குடும்பம்தான்.) சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ, வெளியேறும் புகையால் மட்டுமே சுழல்கிறது. நாட்ச்சை (வேகக் கைப்பிடியின் படியை) மடமடவென ஏற்றினால் டீசல் முந்தும், காற்று பிந்தும், கரும்புகைதான். ஒவ்வொரு நாட்ச்சிலும் சில விநாடி நிறுத்தி ஏற்றுங்கள். நெடுநேரம் ஐடிலில் (சுமையில்லாமல் ஓட) விட்டால் புகைபோக்கியில் எண்ணெய் தேங்கி, சுமை ஏறும்போது தீப்பொறி கக்கும். அறுவடைக் காலத்தில் காய்ந்த வயல் நடுவே இது விளையாட்டல்ல.

நீள மூக்கை (கேபினுக்கு ஒரு பக்கம் நீளும் மோட்டார் கூண்டை) முன்னால் வைத்து ஓட்டினால் ஒரு பக்கம் பாதி மறைந்துவிடும். லெவல் கிராசிங்கில் உதவியாளர் கண்ணை நம்பித்தான் போக வேண்டும்.

பழையதை வாங்குபவர்கள் டர்போ பேரிங்கையும் எண்ணெய்க் கசிவையும் முதலில் பாருங்கள், பெயின்ட்டை அல்ல.