ஷட்டிலா, சோயுஸா? ஒரு பராமரிப்புக்காரனின் கணக்கு

எங்கள் ஊர் நூலகத்தின் அறிவியல் மன்றத்துக்கு இந்த ஆண்டு ஒரே ஒரு பெரிய மாதிரி செய்யும் அளவுக்குத்தான் நன்கொடை சேர்ந்தது. தலைப்பு, பனிப்போரும் விண்வெளியும். பிள்ளைகள் அத்தனை பேரும் அமெரிக்க விண்கலமான ஷட்டில் பக்கம். இறக்கை இருக்கிறது, வெள்ளைவெளேரென்று விமானம் போல ஓடுபாதையில் வந்து இறங்குகிறது, யாருக்குத்தான் பிடிக்காது? சோவியத்தின் விண்கலமான சோயுஸ் தரையிறங்கிய படத்தைக் காட்டினேன். “என்ன சார், கரி பிடிச்ச பானை மாதிரி இருக்கு” என்றாள் ஒருத்தி. முடிவு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பானைக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வேலைக்காலம் முழுக்க ஸ்பின்னிங் மில்லின் பராமரிப்புப் பிரிவில் கழித்தவன் நான். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை அதை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

ஷட்டிலின் பெருமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் சண்டைக்கு இடமில்லை. ஏழு பேரும் 20 டன்னுக்கு மேல் சரக்கும் ஒரே நடையில் போகலாம். 1990இல் ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தது, 1993இல் அதன் பார்வைக் கோளாறைச் சரிசெய்தது, சர்வதேச விண்வெளி நிலையத்தின் பெரிய உறுப்புகளில் பலவற்றைத் தூக்கிப்போய்ப் பொருத்தியது, எல்லாம் ஷட்டில்தான். சோயுஸ் கலத்தின் மொத்த எடையே சுமார் 7 டன். மூன்று பேர் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். எடை தூக்கும் போட்டி என்றால் பேச்சு இங்கேயே முடிந்தது.

ஆனால் சோவியத்காரர்கள் அந்தப் போட்டிக்கே போகவில்லை. சரக்கைத் தனியாக, ஆளில்லாத புரோட்டான் ராக்கெட்டில் அனுப்பினார்கள். சல்யூத் நிலையங்களும், 1986 முதல் மீர் நிலையத்தின் பகுதிகளும் பெரும்பாலும் அப்படித்தான் போயின. ஆளை ஏற்ற சோயுஸ். மேலே போகும்போது 20 டன் இரும்போடு சேர்த்து ஏழு உயிரையும் பணயம் வைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

ஷட்டிலுக்கு அமெரிக்க அதிபர் நிக்சன் ஒப்புதல் கொடுத்தது 1972 ஜனவரியில். நாசா சொன்ன நியாயம் எளிது: ராக்கெட்டை ஒவ்வொரு முறையும் தூக்கியெறிவது வீண், திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் செலவு தரைக்கு இறங்கிவிடும். இறங்கிய கலம் இரண்டே வாரத்தில் மறுபடி கிளம்பும், வருடத்துக்கு ஐம்பது பயணம் போகலாம் என்றெல்லாம் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். பட்ஜெட் போதாமல் விமானப்படையின் ஆதரவைத் தேட வேண்டியிருந்தது. படையின் தேவைக்காகச் சரக்கறை பெரிதானது, இறக்கையும் பெரிதானது. இறக்கை பெரிதானால் தீயில் காக்க வேண்டிய பரப்பும் பெரிதாகும். வினை அங்கேதான் தொடங்கியது.

மில்லில் புது மெஷின் வாங்கும்போது முதலாளி விலையைக் கேட்பார், ஒரு ஷிஃப்டுக்கு எவ்வளவு நூல் வரும் என்று கேட்பார். ஓவர்ஹாலுக்கு எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கேட்க மறந்துவிடுவார். அது எங்கள் தலையில் வந்து விடியும். ஷட்டிலில் நடந்தது அச்சு அசல் இதேதான்.

அந்த ஓடுகளைப் பாருங்கள். ஒரு கலத்தின் மேல் இருபதாயிரத்துக்கும் அதிகமான வெப்பத் தடுப்பு ஓடுகள். சிலிக்கா இழையால் ஆனவை, உள்ளே பெரும்பகுதி காற்றுதான். உலையில் பழுக்கக் காய்ச்சி எடுத்த ஓட்டின் மூலையை வெறும் விரலால் பிடிக்கலாம், சுடாது. ஆனால் லேசாகத் தட்டினாலே நசுங்கிவிடும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கலத்தின் வளைவுக்கேற்ப ஒவ்வொன்றையும் தனியே வெட்டி, எண் போட்டு, கம்பளித் துணி போன்ற ஒரு மெத்தையின் மேல் கையால் ஒட்ட வேண்டும். தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஊசி போடுவது போல நீர் தடுக்கும் ரசாயனம் ஏற்றினார்கள். இருபதாயிரம் ஊசி! முதல் கலமான கொலம்பியாவை 1979இல் விமானத்தின் முதுகில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கான ஓடுகள் பொருத்தப்படாமலே இருந்தன. 1981 ஏப்ரல் 12இல்தான் பறக்க முடிந்தது. நடுவே போன காலத்தில் பெரும்பங்கை ஓடுகளே தின்றன.

ஓடு மட்டுமா? கிளம்பும்போது தள்ளிவிடும் துணை ராக்கெட்டுகளான பூஸ்டர்கள் கடலில் விழும். கப்பல் போய் இழுத்து வரும், கழற்றி ரயிலேற்றி யூட்டா மாநிலத்துக்கு அனுப்பி மறுபடி நிரப்ப வேண்டும். பிற்காலத்தில் மூன்று பிரதான எஞ்சின்களையும் ஒவ்வொரு முறையும் இறக்கி ஆராய்ந்தார்கள். 1995இல் டிஸ்கவரி ஏவுதளத்தில் நின்றபோது மரங்கொத்திகள் வந்து எரிபொருள் தொட்டியின் மேல்பூச்சு நுரையில் சுமார் 200 ஓட்டை போட்டுவிட்டன. கூடு கட்ட இடம் பார்த்திருக்கும், பாவம். மொத்த வண்டியையும் திரும்பக் கூடத்துக்கு இழுத்துப் போய் ஒட்டுப்போட்டார்கள், ஜூன் மாதப் பயணம் ஜூலைக்குப் போயிற்று. ஒரு கலம் ஒருமுறை கிளம்பியதிலிருந்து மறுபடி கிளம்பும் வரை ஆன மிகக் குறைந்த இடைவெளி 54 நாள், அதுவும் 1985இல், ஒரே ஒரு முறை. வருடத்துக்கு ஐம்பது என்று சொன்னவர்கள் எட்டிய உச்சம் அதே 1985இன் 9 பயணம். திட்டத்தின் மொத்தச் செலவை 135 பயணங்களால் வகுத்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 கோடி டாலர் வருகிறது. கூடுதலாக ஒரு பயணம் போக ஆகும் செலவை மட்டும் பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று நாசா பக்கத்தில் சொல்வார்கள். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் தரைக்கு இறங்கிய செலவு அல்ல அது.

அந்த நுரைதான் கடைசியில் காலை வாரியது. அதற்கு முன்பே, 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் திரும்பி வந்தபோது, ஒரு பூஸ்டரின் முனையிலிருந்து பிய்ந்த காப்புப்பொருள் பட்டு 700க்கு மேற்பட்ட ஓடுகள் சிதைந்திருந்தன, ஒன்று முழுசாகவே காணவில்லை. அந்த இடத்துக்கு அடியில் ஓர் ஆன்டெனாவின் உலோகத் தகடு இருந்ததால் தப்பித்தார்கள். எந்த மில்லிலும் அதை எச்சரிக்கை என்று சொல்வோம். 2003 ஜனவரியில் கொலம்பியா கிளம்பி 82 விநாடியில் தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு கிலோவுக்கும் குறைவான நுரைத்துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. பிப்ரவரி 1இல் திரும்பும்போது அந்த ஓட்டை வழியே தீக்காற்று உள்ளே புகுந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள்.

சோயுஸில் இந்தப் பிரச்சினை ஏன் இல்லை? திரும்பி வருவது மூன்று பகுதியில் ஒன்றே ஒன்று, மூன்று டன்னுக்கும் குறைவான அந்தப் பானை. மற்ற இரண்டும் காற்று மண்டலத்தில் எரிந்துபோகும். பானையின் அடிப்பக்க வெப்பக் கவசம், பயணம் முழுக்க மற்றொரு பகுதிக்குள் மறைந்திருக்கிறது. மரங்கொத்தியும் கொத்தாது, நுரையும் மோதாது, ஏனென்றால் கலம் ராக்கெட்டின் உச்சியில் இருக்கிறது, பக்கவாட்டில் தொங்கவில்லை. பாராசூட் விரிந்த பிறகு கவசமும் கழன்று விழுந்துவிடும். தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் சிறு எஞ்சின்கள் வெடித்து வேகத்தைக் குறைக்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்பை அச்செடுத்து வார்த்த இருக்கை. இறங்கிய பானை மறுபடி பறக்காது. ஓவர்ஹால் என்ற சொல்லே அங்கே கிடையாது. அடுத்த கலம் ஏற்கெனவே தொழிற்சாலையில் வரிசையில் நிற்கிறது.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது இதுதான். முதலாளித்துவ நாடு ஐந்தே கலங்களைக் கைவினைப் பொருள் போல இழைத்து இழைத்துப் பாதுகாத்தது. கம்யூனிஸ்ட் நாடு, ஹென்றி ஃபோர்டு பார்த்தால் மெச்சியிருப்பார், ஒரே வடிவத்தை வரிசையாக உற்பத்தி செய்து சிறுகச் சிறுகத் திருத்திக்கொண்டே போனது. அதன் ராக்கெட் 1957இல் ஸ்புட்னிக்கை ஏற்றிய, சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரோலேவின் ஆர்-7 குடும்பத்தைச் சேர்ந்தது.

தப்பிக்கும் வழி என்ற கேள்வியும் பராமரிப்போடு சேர்ந்ததே. எந்தப் பொறியும் ஒருநாள் பழுதாகும் என்று ஒப்புக்கொண்டு வடிவமைப்பவன்தான் வெளியேறக் கதவு வைப்பான். 1983 செப்டம்பர் 26இல் சோவியத் ஏவுதளமான பைக்கனூரில் ஏவுவதற்குச் சற்று முன் ராக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்துபோனதால் தானியங்கி ஏற்பாடு வேலை செய்யவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் கட்டளை அனுப்பி, ஆபத்தில் கலத்தைத் தனியே இழுத்துப் போக உச்சியில் வைத்திருந்த மீட்புக் கோபுரத்தை இயக்கினார்கள். பானை பிய்த்துக்கொண்டு பறந்தது, விநாடிகளில் கீழே ராக்கெட் வெடித்தது. உள்ளே இருந்த தீத்தோவும் ஸ்த்ரெகாலோவும் சில கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஸ்த்ரெகாலோவ் மறுபடி ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் நம் ராகேஷ் சர்மா. சேலஞ்சர் 1986 ஜனவரியில் 73ஆவது விநாடியில் சிதறியபோது உள்ளிருந்த ஏழு பேருக்கும் அப்படி ஒரு கோபுரம் இல்லை.

இனி என் கட்சிக்கு எதிராகப் பேசுகிறேன். சோயுஸும் ஆளைக் கொன்றிருக்கிறது. 1967இல் ஆளேறிய முதல் பயணத்திலேயே பாராசூட் விரியாமல் கொமரோவ் இறந்தார். 1971இல் ஒரு வால்வு முன்கூட்டியே திறந்து, காற்று வெளியேறி, மூன்று பேர் இருக்கையிலேயே செத்திருந்தார்கள். இரண்டு கலமும் இரண்டிரண்டு பயணங்களில்தான் உயிர் குடித்தன. பயண எண்ணிக்கையும் ஒன்றை ஒன்று நெருங்கியே இருப்பதால், விகிதத்தை வைத்து ஒன்றைப் பாதுகாப்பானது என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் சொல்லக்கூடியது, 1971க்குப் பிறகு சோயுஸில் யாரும் சாகவில்லை, பழுது வந்தபோதும் ஆட்கள் உயிரோடு திரும்பினார்கள் என்பதுதான். செலவு ஒப்பீட்டிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சோவியத் கணக்கில் ஒரு பொருளின் விலை என்பது சந்தை சொன்னதல்ல, திட்டக் குழு எழுதியது. ரூபிளை டாலராக்கி யார் எந்த எண்ணைச் சொன்னாலும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். சோயுஸுக்கும் ஆயுள் கெடு உண்டு. இறங்கும்போது பானையைத் திருப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடு மெல்லச் சிதைவதால் சுற்றுப்பாதையில் சில மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆனால் ஷட்டிலால் மூன்று வாரம்கூடத் தங்க முடியாது. நிலையத்தில் ஆபத்துக்கு ஓடிவரும் படகாகக் கட்டிவைக்க சோயுஸ்தான் இருந்தது.

இதில் பெரிய வேடிக்கை, சோவியத் யூனியனே தன் வண்டியை நம்பவில்லை. ஷட்டிலின் பொருளாதாரக் கணக்கை சோவியத் கணித அறிஞர் கெல்டிஷின் நிறுவனத்தார் ஆராய்ந்து, இது எந்த வகையிலும் கட்டுப்படியாகாதே, அப்படியானால் ராணுவ உள்நோக்கம் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். கணக்கு சரி, முடிவுதான் தப்பு. பயந்துபோய் ஷட்டிலைப் போலவே இறக்கை வைத்த புரான் கலத்தைக் கட்டினார்கள். 1988 நவம்பர் 15இல் ஆளில்லாமலே பூமியை இருமுறை சுற்றி, தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்கியது. அபாரமான சாதனை. அதோடு சரி. பறந்த அந்தக் கலம் 2002இல் பைக்கனூரில் கூரை இடிந்து விழுந்து நொறுங்கியது, எட்டுப் பணியாளர்களும் இறந்தார்கள்.

அதற்கு வெகு முன்பே பானை வியாபாரமே தொடங்கிவிட்டது. சோவியத் கொடி இறங்குவதற்கு ஓராண்டு முன், 1990 டிசம்பரில், ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று காசு கொடுத்துத் தன் நிருபரை மீருக்கு அனுப்பியது. 2011 ஜூலையில் ஷட்டில் ஓய்வுபெற்ற பின் ஒன்பது ஆண்டுகள் அமெரிக்கர்களும் சோயுஸில்தான் டிக்கெட் வாங்கினார்கள். கடைசியில் ஓர் இருக்கை 9 கோடி டாலரைத் தொட்டது.

இந்தியாவின் ஆளேறும் விண்கலத் திட்டமான ககன்யானும் இறக்கையைத் தேடாமல் உச்சியில் கலம், அதற்கு மேலே மீட்பு ராக்கெட் என்ற வழியைத்தான் எடுத்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவில் பறக்கவிட்டுப் பார்த்தது அந்தத் தப்பிக்கும் ஏற்பாட்டைத்தான்.

அமெரிக்கத் தனியார் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ் என் கணக்கைக் கொஞ்சம் குழப்புகிறது. அதன் டிராகன் கலமும் பானை வடிவம்தான், ராக்கெட்டின் உச்சியில்தான் இருக்கிறது, ஆனால் திரும்பத் திரும்பப் பறக்கிறது. ராக்கெட்டின் முதல் கட்டமும் அப்படியே. ஆக மறுபயன்பாடு என்ற யோசனையைக் குறைசொல்ல முடியாது, எதைத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்பதில்தான் ஷட்டில் சறுக்கியது. அதே நிறுவனத்தின் பெரிய கலமான ஸ்டார்ஷிப்போ மறுபடி ஆயிரக்கணக்கான ஓடுகளோடு வருகிறது. இந்த முறை பெரும்பாலானவை ஒரே அளவு அறுகோணங்கள், ஸ்டோரிலிருந்து எடுத்து மாட்டிவிடலாம். பறந்து வந்த கலத்தில் எத்தனை ஓடு மாற்றினார்கள், எத்தனை நாளில் மறுபடி கிளம்பியது என்ற கணக்கு வரட்டும், பேசலாம்.